பிளாஸ்டிக் கிட்டாரும் ஒரு சொல்லும்

அந்தக் கிட்டாரில் கம்பி கிடையாது. கம்பிகள் ஓட வேண்டிய கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். வயிற்றில், மீட்ட வேண்டிய இடத்தில், மேலும் கீழும் அசைகிற ஒரு சின்னக் கட்டை. முழுவதும் பிளாஸ்டிக். எங்கள் மேலாளர் வெளிநாட்டு வேலையில் இருந்தபோது வாங்கிய பழைய வீடியோ கேம் பெட்டியையும் அதோடு வந்த இரண்டு கிட்டார்களையும், வீட்டில் இடத்தை அடைக்கின்றன என்று சொல்லி அலுவலக ஓய்வறையில் கொண்டுவந்து வைத்திருந்தார். ரிங் ரோட்டில், மாட்டுத்தாவணிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் அலுவலகம்.

ரொம்ப நாள் நான் அவற்றைத் தொடவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான் மட்டும்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனாலும் புதிதாக ஒன்றைத் தொடும் முன் என் கை ஒரு கணம் நின்றுவிடும். உடைந்துவிடுமோ என்ற பயம் பாதி. ‘இந்தப் பிள்ளைக்கு எங்க தெரியப் போகுது’ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் மீதி. எல்லோரும் சாப்பிடப் போன ஒரு மதியம், கதவைச் சாத்திவிட்டு, கிட்டாரின் வாரைத் தோளில் மாட்டினேன்.

திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி ஓடிவரும். அதன்மேல் நிறம் நிறமாக வட்டுகள். ஒரு வட்டு கீழே இருக்கும் கோட்டைத் தொடும்போது, இடது கை அதே நிறப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். வலது கை கட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டில் கிட்டார் ஒலிக்கும். தவறினால் ‘டொக்’ என்று ஒரு செத்த சத்தம். அடுத்தடுத்துத் தவறினால் ஓரத்தில் இருக்கும் முள் பச்சையிலிருந்து சிவப்புக்குச் சாயும், திரையில் நிற்கும் கூட்டம் கூச்சல் போடும், பாட்டு பாதியில் நின்றுபோகும். அந்த மதியம் முழுக்க அந்தக் கூட்டம் என்னை மேடையிலிருந்து விரட்டிக்கொண்டே இருந்தது. பொம்மைக் கூட்டம்தான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

விடவில்லை. பாட்டெல்லாம் ஆங்கிலம், அதுவும் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. ஒரு வரி புரியாது. புரிய வேண்டிய தேவையும் இல்லை. அலுவலகத்தில் நான் வாய் திறந்தால் என் ஆங்கிலத்தை எடை போடுகிறவர்கள் இருந்தார்கள். அந்தத் திரைக்கு என் வாய் வேண்டாம், விரல் போதும். சில மாதங்களில் எங்கள் தளத்தில் என்னைத் தோற்கடிக்க ஒரே ஒருவனால்தான் முடியும் என்று ஆனது. அவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். என் வயதுதான். மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவருவான். ஆளுக்கொரு கிட்டாரை மாட்டிக்கொள்வோம். திரை இரண்டாகப் பிரிந்து இரண்டு சாலைகள் ஓடும். எங்களுக்குள் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

இந்த இடத்தில் ‘மாப்ள’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் டீக்கடையில் பக்கத்தில் நிற்பவனும் மாப்ளதான். எங்கள் அலுவலகத்தில் பையன்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பக்கத்து இருக்கைத் தோழி நகரத்துக்காரி. அவள் பெண்களையும் மாப்ள என்பாள், குடிதண்ணீர் இயந்திரம் மக்கர் செய்தால் அதையும் மாப்ள என்பாள். அவளிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்படிப் பேசும்போது நானும் இந்த ஊர்க்காரிதான் என்று தோன்றும். எங்கள் ஊரில் கதை வேறு. மேலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலும் மாப்ள உண்டு, ஆனால் அந்தச் சொல் தெருவைத் தாண்டாது. எங்கள் தெரு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அடுத்த தெருவில் போய் ஒருவனை மாப்ள என்றால், உன் வீட்டில் பெண் எடுக்க அவனுக்கு முறை இருக்கிறது என்று நீயே சொன்ன கணக்கு. அதற்கு வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் உண்டு.

அலுவலக ஆண்டு விழாவில் கிட்டார் போட்டியின் கடைசிச் சுற்று மேடையில் நடந்தது. நானும் அவனும். தொகுத்து வழங்கியவர் எங்களிடம் மைக்கை நீட்டி எந்த ஊர் என்று கேட்டார். அவன் உசிலம்பட்டி என்றான். நான் மேலூர் என்று சொல்லியிருக்கலாம். பெருமை விடவில்லை. எங்கள் கிராமத்தின் பெயரையே அழுத்திச் சொன்னேன். அந்த மண்டபத்தில் அந்தப் பெயரை அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாட்டின் பாதிவரை அவன்தான் முன்னால். என் முள் ஒருமுறை மஞ்சளுக்கு வந்து, திரும்பவும் பச்சைக்குப் போனது. கடைசியில் வட்டுகள் நெல் கொட்டுகிற மாதிரி வந்தன. நான் எதையும் யோசிக்கவில்லை, கைதான் ஆடியது. பாட்டு முடிந்து என் பக்கம் எண்கள் பெரிதாக எரிந்தபோது, கிட்டாரைத் தூக்கிப் பிடித்து அவனைப் பார்த்துச் சொன்னேன்:

“அம்புட்டுத்தான் மாப்ள.”

மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்து, கிட்டாரை என் முன்னால் தாழ்த்திக் கும்பிட்டான்.

தோழி அதை முழுக்கப் படம் பிடித்திருந்தாள். ஊர் சொன்னதிலிருந்து கும்பிட்டதுவரை ஒன்று. கடைசித் துண்டை மட்டும் வெட்டி இன்னொன்று. இரண்டாவதில் அந்த ஆங்கிலப் பாட்டை எடுத்துவிட்டு நாதசுரமும் கெட்டிமேளமும் சேர்த்திருந்தாள். நான் ‘அம்புட்டுத்தான் மாப்ள’ என்றதும் மேளம் கொட்டும், எங்கள் தலையில் பூ மழை பெய்யும், ‘மாப்ள சரண்டர்’ என்று எழுத்து ஓடும். இரண்டையும் இணையத்தில் போட்டுவிட்டாள். அவளுக்கு அது நல்ல வேடிக்கை. நகரத்தில் பிறந்தவளுக்கு அது வேடிக்கையாக மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை ஊருக்குப் போகும் பேருந்தில்தான் அதைப் பார்த்தேன். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. கீழே எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கண் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒத்தக்கடையைத் தாண்டும்போது அவன் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான், பக்கத்தில் ஆள் இருக்கிறது போலும்.

“எங்கண்ணன் பாத்துட்டாரு. மாப்ளங்குதே, யாரு அந்தப் பிள்ளை, எங்கிட்டு ஆளுன்னு கேக்குறாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியாதுன்னுட்டேன்.” பிறகு கேட்டான்: “நீ மைக்குல ஊரு பேரச் சொன்னதும் அந்த வீடியோல இருக்குல்ல?”

அதற்குமேல் அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. பேருந்தில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கையில் போனை வைத்துக்கொண்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் திரையிலும் நான்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டேன்.

தோழியைக் கூப்பிட்டு இரண்டையும் அழிக்கச் சொன்னேன். ஏன், நல்லாத்தானே இருக்கு என்றாள். என் குரலைக் கேட்டுவிட்டு உடனே அழித்தாள். ஆனால் பலர் எடுத்துவிட்டார்கள், வேறு குழுக்களில் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். இனிமேல் அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதே, யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் கிட்டத்தட்டக் கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தால் அப்பா எனக்கு முன்பே பார்த்திருந்தார். தெரு முக்கில் எங்கள் ஆட்களின் பையன்கள் போனைக் காட்டி, “என்ன மாமா, கிட்டாரு மாப்ள எப்ப விருந்துக்கு வாராரு?” என்று கேட்டிருக்கிறார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பையன் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம் என்றேன். பக்கம் என்றால் எது என்றார். சொன்னேன். அந்த ஊர்ப் பெயரே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா பல வருடம் கல்குவாரியில் வேலை பார்த்தவர். வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள், எல்லோரும் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுவார்கள். சங்குக்கும் வெடிக்கும் நடுவில் யாரும் பேச மாட்டார்கள் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று எங்கள் வீட்டில் இருந்தது அந்த அமைதி.

“திங்கக்கிழமை வேலைக்குப் போக வேணாம்,” என்றார்.

“நான் போகலைன்னா அந்த வீடியோ நெசம்னு ஆயிரும்ப்பா.”

“நெசமோ பொய்யோ. நீ கண்ணு முன்னாடி இருந்தாப் போதும்.”

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குப் புரிந்தது. இது ஒரு திங்கட்கிழமை பற்றிய பேச்சு இல்லை. வேலை, மதுரை, என் கையில் இருக்கும் அடையாள அட்டை, எல்லாம் இதோடு முடிந்தது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அந்த வீட்டிலிருந்து படித்து வெளியே போன முதல் ஆள் ஒரே சொல்லில் திரும்பி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பைக் வந்தது. ஓட்டிவந்தவர் அவனுடைய அண்ணன். பின்னால் இன்னொருவர், அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை, வண்டியில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என்னை அறைக்குள் தள்ளிக் கதவை ஒருக்களித்தாள்.

அவருக்கு அப்பாவின் மகன் வயதுதான் இருக்கும். அப்பா எழுந்து நின்று, வாங்க தம்பி என்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அவர் உட்கார்ந்தார். அப்பா உட்காரவில்லை. அம்மா கடையிலிருந்து மூடி திறக்காத கலர் பாட்டில்கள் வாங்கிவரச் செய்து, திறக்காமலே கொண்டுபோய் வைத்தாள். எங்கள் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள அன்று யாருக்கும் தைரியம் இல்லை. அவர் பாட்டிலைத் தன் கையால் திறந்து குடித்தார்.

பிறகு போனை எடுத்து ஓட்டினார். என் குரல் கேட்டது. கெட்டிமேளம் கொட்டியது.

“இது யாரு சொல்லிக் குடுத்து சொல்றது?” என்று அப்பாவைக் கேட்டார். சத்தமே போடவில்லை. “எங்க வீட்டுப் பயல மாப்ளங்குறதுக்கு உங்க பக்கம் ஏதும் யோசன இருக்கா?”

“அய்யோ, இல்ல தம்பி. வெளையாட்டுப் பிள்ளை, தெரியாமச் சொல்லிருச்சு. மன்னிச்சுருங்க.” அப்பா கும்பிட்டார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

மேடையில் என் முன்னால் ஒருவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டதற்கு, இங்கே அப்பா கும்பிட வேண்டியிருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தபின் அறைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். அம்மா என் தாவணி முனையைப் பிடித்து இழுத்தாள், அது அவள் கையிலிருந்து நழுவியது.

“தெரியாமச் சொல்லலை,” என்றேன். “எங்க ஆபீசுல எல்லாரையும் அப்பிடித்தான் கூப்புடுவேன். பொம்பளப் பிள்ளைகளையும் மாப்ளன்னுதான் கூப்புடுவேன். அவுகளும் என்னை அப்பிடித்தான் கூப்புடுவாக.”

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். “பொம்பளப் பிள்ளை பொம்பளப் பிள்ளைய மாப்ளங்குமா?” என்று கேட்டுவிட்டு, பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. “எங்க, ஒண்ணக் கூப்புடு பாப்போம். ஸ்பீக்கர்ல போடு.”

தோழியைக் கூப்பிட்டேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவு வந்தது. நேற்று நான்தான் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று கத்தியிருந்தேன். துண்டிக்கலாமா என்று விரல் போனது. அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எடுத்துவிட்டாள்.

“சொல்லுப்பா,” என்றாள்.

அண்ணன்காரர் புருவத்தை உயர்த்தினார். அப்பா தரையைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, தூங்கிட்டிருக்கியா?” என்றேன். குரல் கிறீச்சிட்டது.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவள் யோசிக்கிறாள். கேலி செய்வாளா, அவன் பெயரை இழுப்பாளா, ‘உன் கிட்டாரு மாப்ள என்ன சொல்றாரு’ என்று ஆரம்பிப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் வாயிலிருந்து அடுத்து எது வந்தாலும் அதன்பின் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

“ஏண்டி, லூசாடி நீ?” என்றாள் கடைசியில். “நேத்துதான் அந்த வார்த்தையே கூடாதுன்னு என் காதக் கிழிச்ச. நைட்டெல்லாம் எங்கம்மாவக்கூட மாப்ளன்னு கூப்புடாம பல்லக் கடிச்சிட்டு இருக்கேன். நீ மட்டும் கூப்புடுவியா? போனை வை மாப்ள.”

வைத்துவிட்டாள்.

வண்டியில் சாய்ந்திருந்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அண்ணன்காரர் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். எழுந்தார்.

“சரி, தங்கச்சி,” என்றார். அந்தச் சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “நான் உன்னத் தங்கச்சின்னுட்டேன். அப்ப அவன் உனக்கு என்ன வேணும்? அண்ணன். திங்கக்கிழமையிலருந்து அவன அண்ணேன்னு கூப்புடு. நான் கேப்பேன்.”

“கூப்புடும் தம்பி, கண்டிப்பாக் கூப்புடும்,” என்றார் அப்பா.

அண்ணன்காரர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பைக் சத்தம் தெருவைத் தாண்டும்வரை மூவரும் அப்படியே நின்றோம். அம்மாதான் முதலில் பேசினாள். ஜெயித்ததற்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாள். ஒரு கப் என்றேன். எங்கே வைத்திருக்கிறாய் என்றாள். ஆபீசில் என்றேன்.

“அங்கனயே கெடக்கட்டும்,” என்றாள்.

திங்கட்கிழமை நான் கிளம்பியபோது அப்பா தடுக்கவில்லை. தானும் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினார். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது, “ஒரு வார்த்தைதான பாப்பா. சொல்லிட்டுப் போயேன்,” என்றார். அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

அண்ணே என்பது எனக்கு வராத சொல் இல்லை. டீ கொண்டுவருபவர், காவலாளி, மூத்தவர்கள், எத்தனையோ பேரை வாய் நிறையக் கூப்பிடுகிறேன். அப்பாவைக் கும்பிடவைத்த ஒருவர் வந்து என் வாயில் வைத்துவிட்டுப் போன அண்ணே மட்டும் வர மறுத்தது.

மதியம் ஓய்வறைக்குப் போனேன். போகாவிட்டால் எல்லாம் நிஜம் என்று ஆகிவிடும். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. தோழி எல்லோரும் பார்க்கும்படி தன் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவன் ஏற்கெனவே வந்திருந்தான். கிட்டாரை மாட்டவில்லை; மடியில் வைத்திருந்தான். கண் வீங்கியிருந்தது, தூங்கவில்லை போலும். நான் என்ன கூப்பிடுகிறேன் என்று கேட்டுச் சொல்ல வேண்டும் என்று அவனிடமும் உத்தரவு போயிருக்கும். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. அண்ணே என்று சொல்லித் தொலை என்று கெஞ்சுவதுபோலவும் இருந்தது, சொல்லிவிடாதே என்பதுபோலவும் இருந்தது.

வாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவன் பெயரைச் சொன்னேன். வெறும் பெயர். பின்னால் எதையும் சேர்க்கவில்லை. எங்களில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்பதால், அறையில் புது ஆள் யாரோ வந்துவிட்டதுபோல் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“ஆரம்பிக்கலாமா?” என்றேன்.

அவன் கதவைப் பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து கிட்டாரை மாட்டினான். இருவரும் பச்சைப் பொத்தானை அமுக்கினோம். சாலைகள் ஓடிவரத் தொடங்கின. என் கண்ணும் கதவுக்கே போய்க்கொண்டிருந்தது, முதலில் வந்த வட்டுகள் ஒன்றையும் தொட முடியவில்லை. டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முள் சிவப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.